குங்குமம் வைத்த டிஸ்க்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் சுங்காய் பக்கத்துத் தோட்ட ஆபீசில் நான் கிராணி, கணக்கு எழுதும் வேலை. கம்ப்யூட்டரை இயக்கும் டாஸின் புதுப் பதிப்பைப் போட ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார்.

“பழசெல்லாம் அழிஞ்சிடும்லா அக்கா. காப்பி இருக்கா?”

“இருக்கு, போடுங்க,” என்றேன். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்பு விவரத்தை ஒரு பிளாப்பி டிஸ்கில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க அந்த விவரத்தைத்தான் கேட்பார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து தட்டியிருந்தேன்.

வேலை முடிந்ததும் டிஸ்கைப் போட்டார், திறக்கவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தார்.

“இதுல யாரு அக்கா குங்குமம் வெச்சது?”

சரஸ்வதி பூஜையன்று நான்தான் வைத்தேன், சரியாக டிஸ்கின் உள்தகடு வெளியே தெரியும் இடத்தில்.

நல்லவேளை, அதே விவரங்களைக் கையால் எழுதி, குப்பைக்குப் போகவிருந்த பழைய பதிவேட்டையும் பூஜையில் வைத்திருந்தேன். அதிலும் குங்குமம்தான், ஓர் எழுத்தும் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து தட்டினேன்.

இப்போதெல்லாம் காப்பியைத் திறந்து பார்த்த பிறகே புதுப் பதிப்பைப் போட விடுகிறேன். குங்குமம் பதிவேட்டுக்கு மட்டும்.