எங்கள் முறைத் தண்ணீர்

வெளிநாடு வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால், பெரிய மின்கம்பிகள் போகிற வெட்டைவெளியில் தோட்டத்துண்டுகள் கொடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரேயொரு பைப். மற்றவர்கள் வாளியில் பிடித்து ஊற்ற, எங்கள் ஆட்கள் பைப்படியிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். முதலில் மண்வெட்டியைத் தூக்கியவர் என் கணவர். ஊரில் பங்குக் கிணற்றில் இறைத்த மனிதருக்கு வாளியோடு நடப்பது மானக்கேடாம். ஊரைப்போலவே முறையும் வைத்தார்கள், இன்றைக்கு உமக்கு, நாளைக்கு எனக்கு என்று.

முறை இருந்தால் சண்டையும் இருக்கும்தானே. தன்னுடைய முறையில் இவர் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்று பக்கத்துத் துண்டுக்காரர் கத்தினார். இவரும் விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. அந்தத் தோட்டத்தில் கத்தரியைவிட வீம்புதான் நன்றாக வளர்ந்தது.

மூத்தவனை ஊரில் என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஸ்பொன்சர் சரிவந்ததும் கூப்பிடலாம் என்று நினைப்பு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் போன் எடுத்தார். ஷெல் விழுந்ததாம். எங்கள் பிள்ளையும் போய்விட்டானாம்.

"கண்டவை ஆரும் இருக்கினமோ? உது பிழையான கதை," என்றார் இவர். துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். வழக்கம்போல வேலைக்குப் போனார். நானும் அழவில்லை. அழுதால் நானே அவனைக் கொன்றதுபோல ஆகிவிடும் என்றிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, "மிளகாய் காய்ஞ்சுபோயிருக்கும், வாரும்," என்று என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். காயவில்லை. எங்கள் பாத்திகள் எல்லாம் ஈரமாகக் கிடந்தன. பக்கத்துத் துண்டுக்காரர் எங்கள் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய முறை. அவருடைய கத்தரி வாடி நின்றது.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை தோட்டத்தில் இறங்கமாட்டார்கள். பக்கத்துக் காணிக்காரர்தான், கோபக்காரர் என்றாலும், அவர்களுடைய பயிருக்கும் பாய்ச்சுவார்.

"ஆர் உம்மைப் பாய்ச்சச் சொன்னது?" இவர் வாய்க்காலைத் தாண்டிப் போனார்.

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நீங்கள் வீட்டை போங்கோ அண்ணை. முப்பத்தொண்டு முடியட்டும். அதுமட்டும் நான் பாக்கிறன்."

"என்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லை."

இவர் அவருடைய கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து, மண்ணை வெட்டி வாய்க்காலை அடைக்கப் போனார். அடைத்தாலும் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. திரும்பவும் வெட்டினார். திரும்பவும் வந்தது. அந்தக் கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போய்க் கையைப் பிடித்தேன்.

"இஞ்சேருங்கோ, பாயட்டும் விடுங்கோ. எங்கட பிள்ளை செத்துப்போனான்."

பெற்றவள் வாயால் அது வந்த பிறகுதான் இவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.