வக்கீல் நோட்டீசுக்குப் பயந்து ஒளிந்திருந்தேன்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலையில் இருந்தேன். ஷிப்டும் முதுகுவலியும் அலுத்துப்போன நேரத்தில், வீட்டிலிருந்தே இணையத்தில் டைப் செய்து சம்பாதிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். வேலையை விட்டு, சேமிப்பில் பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். என்னோடு சங்கரன்கோவிலிலிருந்து வந்த அறைத்தோழி மாரி, "லீவு போட்டுட்டுச் செஞ்சு பாருட்டி, வேலைய எதுக்கு விடுத?" என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கை மரத்துப்போகும்வரை டைப் செய்து அனுப்பினேன். சம்பளம் வரவேண்டிய நாளில் அந்தக் கம்பெனி ஆள் ஒருவன் போனில் அழைத்தான். "ஏகப்பட்ட தப்பு மேடம். ஒப்பந்தப்படி நீங்கதான் நஷ்டஈடு கட்டணும். இல்லேன்னா போலீஸ் வரும்." பின்னாலேயே மின்னஞ்சலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

வாசலில் பைக் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அம்மா அழைத்தால்கூடப் போனை எடுக்கவில்லை. கடைசியில் மாரிதான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வக்கீலிடம் என்னை இழுத்துப்போனாள்.

நோட்டீசைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். "இதுல போட்டிருக்கிற கோர்ட்டே கிடையாதும்மா. பயமுறுத்திப் பணம் புடுங்கறானுங்க. காசு எதுவும் கட்டாத."

பழைய தொழிற்சாலைக்கே போய் நின்றேன். "நீயா வுட்டுட்டுப் போன, நான் இன்னா பண்றது? காண்ட்ராக்ட்லதான் வேல கீது," என்றார் சூப்பர்வைசர். அதே லைனில், நான் வேலை பழக்கிய பெண்ணுக்குக் கீழே, குறைந்த சம்பளத்தில் நிற்கிறேன்.

இப்போதெல்லாம் யார் இணைய வேலை என்றாலும், முதலில் ஆபீஸ் முகவரி கேட்டு நேரில் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் தாம்பரத்தில் ஒரு முகவரியைத் தேடிப் போனேன். அங்கே பேக்கரி இருந்தது. டீ குடித்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பினேன்.