மடுத்தீன் என்றொரு மோட்டச்சைக்கிள்

கருவாட்டு வாசமும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்தால் எழும் மணத்துக்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்த எங்கள் வீட்டு முற்றத்தில் விடியும்போது அது கிளம்பும். அம்மா "மோட்டச்சைக்கிளை" உதைத்து எழுப்பிவிட்டார் என்று பாயில் கிடந்தபடியே தெரிந்துகொள்வேன்.

இந்த ஆவணியில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா, பெரியப்பாவின் மகன், தான் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளின் படங்களைக் கைத்தொலைபேசியில் காட்டி, அது வளர்ந்த கதையை ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னார். முதலில் வந்தபோது அது வெறும் பெரிய எஞ்சினும் இரண்டு சில்லும்தானாம். தூரப் பயணம் போனவர்கள் காற்று மறைப்பும் சாமான் பெட்டிகளும் தாங்களாகவே வாங்கிப் பூட்டிக்கொள்ள, அதைக் கண்ட கொம்பனி பிறகு எல்லாவற்றையும் தானே பூட்டி விற்கத் தொடங்கியதாம். அதற்குப் பிறகு வானொலி வந்து, பின்னால் இருப்பவருக்குச் சாய்மனைக் கதிரை போல ஓர் இருக்கை வந்து, கடைசியில் பின்னுக்குப் போகிற கியர்கூட வந்துவிட்டதாம். "இப்பிடி ஒண்டை நீங்கள் கனவிலயும் கண்டிருக்க மாட்டியள்" என்றார் அண்ணா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கனவிலாவது! அப்படி ஒன்றில் ஏறி நான் மடு மாதா கோவில் வரைக்கும் போய் வந்தவள்.

போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலம் அது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது, எங்கேயாவது தேடிப் பிடித்த துளிப் பெற்றோலைக் குழந்தை பால் குடிக்கும் "சூப்பி"யில் அடைத்து வைத்து, காபரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பீச்சி, அந்தச் சூட்டோடு உதைக்க வேண்டும். எழும்பிவிட்டால் பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். எங்கள் சூப்பி நான் பால் குடித்து வளர்ந்த சூப்பி.

அந்த மோட்டச்சைக்கிள் அப்பாவுடையது. வள்ளத்தைக் கரைக்கு இழுக்கையில் உருளைக் கட்டை வழுக்கி அவருடைய இடுப்பெலும்பு உடைந்ததோடு, கடலும் போயிற்று, சைக்கிளும் மாமரத்தில் சாய்ந்து நின்றது. பெரியப்பா வந்தார். அவர் எங்கள் கோவில் மூப்பர், சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. "ஓடுற ஆள் படுத்திட்டான். சும்மா நிண்டு கறள் பிடிக்கிறதை என்ர பெடியன் ஓடட்டும். உங்களை நான் பாப்பன்தானே" என்றார். அம்மாவுக்கு அந்தக் கடைசிச் சொல்தான் சுட்டது. சைக்கிள் போனால் பெரியப்பாவின் கையைப் பார்த்திருக்க வேண்டும்; இருந்தால் புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோய்த் தன் காலிலேயே நிற்கலாம். "நான் ஓடுவன், அத்தான்" என்றார் அம்மா.

ஓடினார். வேலியில் இரண்டு தரம், ஆட்டுக் கொட்டிலில் ஒரு தரம் விழுந்து எழும்பி ஓடினார். பொம்பிளை குந்தியிருந்து ஓடுகிற சாமானா இது என்று கேட்டவர்களைப் புகையால் மூடிவிட்டுப் போனார்.

எங்கள் சைக்கிள் வளர்ந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. முதலில் இரு பக்கமும் இரண்டு மீன்பெட்டிகள் வந்தன. பிறகு, "மடு மாதாட்ட என்னைக் கொண்டுபோ" என்று அப்பா கேட்டதால், சாய்ந்தபடி இருக்க மட்டுமே முடிந்த அவருக்காக, கால் உடைந்த கதிரை ஒன்றின் முதுகுச் சட்டத்தை அறுத்துப் பின் இருக்கையில் நட்டு வைத்து இறுக்கினார் அம்மா. எண்ணெய்த் தாங்கியின் மேல் இருக்கும் எனக்குக் காற்றடிக்கும் என்று கம்பி வளைத்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எடுத்த அப்பாவின் எக்ஸ்ரே படத்தைக் கைபிடிக்கு முன்னால் கட்டினார். அப்பாவின் இடுப்பெலும்பு எங்களுக்கு முன்னால் போக, அப்பா எங்களுக்குப் பின்னால் வந்தார். வானொலியும் அவர்தான், மாதா பாட்டைத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. பின்னுக்குப் போகிற கியர், இறங்கித் தள்ளுகிற என் இரண்டு கால்களும். எந்தக் கொம்பனி பூட்டித் தந்தது இதையெல்லாம்?

மடுவின் ஆவணித் திருநாளுக்குப் பெரியப்பா ஊர்ச்சனத்தை உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிப் புறப்பட்டபோது, சைக்கிளில் வெளிக்கிட்டு நின்ற அம்மாவைப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "வழியில நிண்டால் சைக்கிளைப் பெட்டியில ஏத்துவன். ஏத்தினால் அது என்ர வாசலிலதான் இறங்கும்." அம்மா "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போது, மாங்குளத்துக்கு இங்காலே காட்டுக்குள், யானையொன்று பாதை நடுவில் வந்து நின்றது. அம்மா எஞ்சினை நிறுத்தினார். அது ஆற அமர இலை முறித்துத் தின்று காட்டுக்குள் இறங்கியபோது எஞ்சின் நன்றாகவே ஆறிவிட்டது. அப்பா மீன்பெட்டிக்குள் கைவிட்டுச் சூப்பியை எடுத்துக் கொடுத்தார். அம்மா பீச்சினார், உதைத்தார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் பீச்சினார். அப்போதுதான் அப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, பெற்றோல் இஞ்சை கிடக்கு" என்றார். மடுவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த தீர்த்தத்தை என்னுடைய மற்றச் சூப்பியில் அடைத்து வைத்திருந்தோம்; அம்மா பீச்சியது அதைத்தான். கருவாட்டுப் பெட்டிக்குள் கிடந்ததில் இரண்டுக்கும் ஒரே மணம்.

அம்மா தலையில் கைவைக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், காபரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார், சட்டை நுனியால் ஒற்றினார். திரும்பப் பூட்டி முடிக்கையில் உழவு மெசின் சத்தம் கேட்டது. பெரியப்பா கயிற்றோடு இறங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கோ சிரிப்பு, "அண்ணை, இவள் சைக்கிளுக்கு ஞானஸ்நானம் குடுத்திட்டாள்" என்று நடந்ததைச் சொன்னார்.

கயிறோடு குனிந்த பெரியப்பாவின் முன்னால் அம்மா நிமிர்ந்து நின்றார். "சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? குடுத்தாச்சு. இனி மூப்பர் வந்து தாயிட்டை இருந்து பிள்ளையைப் பறிக்கப் போறாரோ?"

மெசின் பெட்டியிலிருந்த சனம் கொல்லென்று சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை, ஆனால் ஞானோபதேசம் படிப்பித்த வாய் கேட்காமல் விடவில்லை: "பேர் என்ன வைச்சனி?"

"மடுத்தீன்" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். மடு மாதாவின் பேரால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வைக்கிற பேர் அது. பிறகு சரியான சூப்பியை எடுத்து இரண்டு சொட்டுப் பீச்சி உதைத்தார். மூன்றாவது உதையில் மடுத்தீன் இருமிக்கொண்டு எழும்பினான். ஊர் வரைக்கும் பெரியப்பாவின் மெசின் எங்கள் புகைக்குள்தான் வந்தது. அன்றைக்குப் பிறகு சைக்கிளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கடைசி இடம்பெயர்வில் மடுத்தீனையும் கடற்கரை மணலில் விட்டுவிட்டுத்தான் நடந்தோம். போர் முடிந்த பிறகு, குவிந்து கிடந்த கறள்பிடித்த இரும்பு மலைக்குள் அவரவர் வாகனத்தை அடையாளம் காட்டி எடுக்கலாம் என்று அறிவித்தபோது, அம்மா இலக்கத்தைத் தேடவில்லை, கதிரைச் சட்டத்தைத் தேடினார். எஞ்சின் இல்லை, சில்லுகள் இல்லை. இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது அப்பா இல்லை, பெரியப்பா இல்லை, மண்ணெண்ணெய்ப் புகை இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஸ்கூட்டரில் ரியூசனுக்குப் போகிற பெண்பிள்ளைகளை யாரும் ஏனென்று கேட்பதில்லை, கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் மடுத்தீனின் எலும்புக்கூடு எங்கள் கொட்டிலில் நிற்கிறது, அதன் முதுகில் அந்தக் கதிரைச் சட்டமும் நிற்கிறது.

அண்ணா தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கொட்டில் பக்கம் கையைக் காட்டி, "சின்னம்மா, உந்தக் கறளை இரும்புக்காரனுக்குப் போட்டு விடுங்கோவன்" என்றார். அம்மா கைத்தொலைபேசியை வாங்கி, மினுங்குகிற அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிளை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து ஆற அமரப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு, தம்பி. ஞானஸ்நானம் குடுத்தாச்சோ?"

அண்ணா இல்லையென்று தலையாட்டினார். அம்மா கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப அதை இரும்புக்குப் போடு."