கொரியன் புல்லும் வெண்புழுவும்

மணலி புதுநகரில் வீடு கட்டியபோது வாசலில் நாலு கட்டில் போடுமளவு இடம் மிஞ்சியது. துறைமுக வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த என் கணவர் அங்கே கொரியன் புல் போட்டார். அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ அரண்மனைத் தோட்டத்தைப் பராமரிக்கிறார் என்றே நினைப்பீர்கள். இருட்டிய பிறகும் தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். சுற்றிலும் விளக்கு நட்டார்.

ஆடி கழிந்ததும் புல் அங்கங்கே மஞ்சளடித்தது.

"எல்லாம் இங்க இருக்கற கம்பெனிப் பொகதாம்மே," என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். "அதே புகை தானே சார் எங்க வூட்டுக்கும் வருது? எங்க முருங்க பச்சையா கீதே!"

உடனே பழி அக்காவின் கோழிகள்மேல் விழுந்தது. அவை வந்து கிளறுகின்றனவாம். வலை கட்டினார். மைனாக்கள் மட்டும் வந்து கொத்திக்கொண்டிருந்தன. அவை ஏன் வருகின்றன என்று அவர் யோசிக்கவில்லை. புல்லுக்குத் தாகம் என்று மூன்று வேளையும் தண்ணீர் விட்டார். மஞ்சள் பழுப்பானது.

ஒரு நாள் நானே குனிந்து அந்தப் பழுப்பைப் பிடித்து இழுத்தேன். பாய் மாதிரி சுருண்டு கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. மண்ணில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் பழுப்பு, அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. மொபைலில் தேடினேன். கோடை மழைக்குப் பின் வெளிச்சத்தைத் தேடி வரும் வண்டுகள் ஈர மண்ணில் முட்டையிடுமாம். அந்தப் புழுதான் வேரைத் தின்னுமாம். அந்த மழை நாட்களில் விளக்கடியில் நான் தினமும் வண்டுகளைப் பெருக்கித் தள்ளியது நினைவுக்கு வந்தது.

"நீங்கதான் லைட்டப் போட்டு விருந்துக்குக் கூப்ட்டிருக்கீங்க," என்றேன்.

அவர் விளக்குகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "லைட்டு விக்கிறவன் இத சொல்லவே இல்லம்மே," என்றார்.

செத்த புல்லை உரித்து மண்ணைக் கிளறினோம். வலையை அவிழ்த்துவிட்டு அவரே மதிலருகே போய் நின்றார். "உங்க கோழிங்கள கொஞ்சம் வுடும்மா."

"நேத்து வரைக்கும் திருட்டுக் கோழி, இன்னிக்கி வேணுமா?" என்று அக்கா ஆற அமரச் சிரித்துவிட்டுத்தான் கூண்டைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் கோழிகள் புழுக்களைத் தீர்த்தன. வேப்பம் புண்ணாக்கு கலந்து புதுப் புல் பதித்தோம். பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. கோடை மழை நாட்களில் விளக்கு போடுவதில்லை என்று சம்மதித்தார்.

இப்போது தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் இவர் போய் மண்ணைக் கிளறுகிறார். போன வாரம் எதிர் வீட்டு ரோஜாவைப் பிடுங்கியே பார்த்துவிட்டார். புழு இல்லை. அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, அவ்வளவுதான்.