கல்லில் ஏறிய கறுப்பு

என் மாமியாரின் கல்லறைக் கல் கறுத்துப்போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாசி, மெழுகுவர்த்தி, காக்காய் எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிட்டேன்.

அறுபதுகளில் நாங்கள் பாம்பூஃப்ளாட் என்கிற தீவு ஊரில் இருந்தோம். அவர் தூத்துக்குடியில் படகு கட்டிப் பழகிய தச்சர். ஊரில் தனியாக இருந்த தாயையும் தீவுக்குக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் என் சமையலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நானும் அவளைத் தாங்கியதில்லை. செத்தால் ஊரில் புருஷன் பக்கத்தில் புதைக்கணும், அது ஒன்றைத்தான் அவள் மகனிடம் கேட்டாள். காய்ச்சலில் போனபோது அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம் இருந்தது. இங்கேயே புதைத்தோம். அவருடைய அக்கா ஊரிலிருந்து ஒரே வரி எழுதினார்: அம்மையைக் கடலுக்கு அந்தப் பக்கம் போட்டுட்டியே.

அந்த வரிக்குப் பதிலாகத்தான் அவர் மெயின்லேண்டிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் வரவழைத்தார். தலைமாட்டில், கல்லின் மேலேயே, தீவில் கிடைக்கும் சிவந்த படாக் மரத்தில் ஒரு சிலுவை செய்து நிறுத்தினார். இரண்டு மழைக்காலம் போனது. சிலுவையின் அடியிலிருந்து மை கொட்டியதுபோல் கறுப்பு இறங்கி எழுத்துகளை மூடியது. அந்த நேரம் பார்த்து, கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன் என்று அக்காவின் கடிதம். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாசி என்று நினைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மெழுகுப் புகை என்று நினைத்து மண்ணெண்ணெயில் துடைத்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு ஒரு நாள் வாழைக்காய் நறுக்கும்போது என் விரலைப் பார்த்தேன். காயின் துவர்ப்பும் அரிவாள்மணை இரும்பும் சேர்ந்து ஏறிய அதே கறுப்பு. நேரே போய்ச் சிலுவையைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் நாலு இரும்பு ஆணி, துருப்பிடித்து, சுற்றிலும் மரம் கன்னங்கரேல் என்று இருந்தது.

படகுக்குச் செம்பு ஆணி தவிர வேறு தொடாத மனிதர். கேட்டதற்கு, "இது தரையில நிக்கதுதானன்னு நெனச்சேன்" என்றார்.

வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் தரை என்ன, கடல் என்ன என்று கத்தினேன். அவர் உட்கார்ந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

விரல் கறுத்தால் புளி தேய்ப்போம். அதே நினைப்பில் கல்லிலும் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பே போய்விட்டது. சலவைக்கல்லைப் புளிப்பு அரித்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிணறுகளுக்கு மருந்து போடும் பக்கத்து வீட்டு வங்காளி, கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் கொடுத்தார். "ரகடோ மத், பாபி" என்றார்; தேய்க்காதீங்க, அண்ணி என்று அர்த்தம். சாக்பீஸ் பொடியோடு குழைத்து அப்பி, ஈரத்துணி மூடி, ஒரு நாள் விட்டுவிடச் சொன்னார். மேலே தார்ப்பாய் கட்டி மூன்று தடவை அப்படிச் செய்தோம். கறுப்பு போயிற்று. தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஒரு தடம் மட்டும் போக மறுத்தது.

அக்கா கப்பல் இறங்கி வந்தார். கல்லறையில் முழங்கால் போட்டவர் ஜெபம் முடிந்ததும் தடத்தைத் தொட்டு, இது என்ன என்றார்.

"நான் அடிச்ச ஆணிதான்க்கா" என்றார் இவர், தலை நிமிராமல்.

மங்கிப்போன இடத்தை நானே காட்டினேன். "இது நான் தேச்ச புளி, மைனி."

"உசிரோட இருக்கையிலயும் ரெண்டு பேரும் இப்படித்தான் அவளப் படுத்திருப்பீங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார். பிறகு தம்பியிடம், "சிலுவை எங்கல?" என்றார்.

செம்பு ஆணி மாற்றி இவர் அதை வீட்டு மூலையில் சாத்தியிருந்தார். அக்கா பார்க்க அதை இங்கே கொண்டுவரத் தைரியம் வரவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்தார். இந்தத் தடவை கல்லின் மேல் வைக்கவில்லை. தள்ளி மண்ணில் குழி தோண்டினார். மழை பிடித்துக்கொண்டது. அவர் மண்ணை மிதித்து இறுக்கி முடிக்கும்வரை அக்கா இரண்டு கையாலும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.