பெரிய வளையல்

இன்று கோப்பையைத் தூக்கியதும் மேசையில் மின்னிய ஈரக் கோப்பி வட்டம், கண்டியில் கல்லறைக் கல் கொத்திய எங்கள் வீட்டின் கல்தூசி வாசத்தைக் கொண்டுவந்தது. ஆங்கிலம் தெரியாததால் எழுத்துகளை நாங்கள் உருவத்தை வைத்து, h கதிரை, S பாம்பு, O வளையல் என்றே அழைப்போம். காய்ச்சலில் இறந்த தோட்டத் துரையின் பெயரை எழுதி அவர் மனைவி துரைசானி அனுப்பிய தாளில், பெயரைச் சுற்றிப் பழுப்பாய் ஒரு வட்டம் இருந்தது.

"இது எழுத்தா, கறையா?" என்றாள் அம்மா.

"பெரிய வளையல்" என்றேன் நான்.

"தாள்ல இருக்கிறத விட்டுட நாம யாரு?" என்று அப்பா அதையும் கொத்திவிட்டார்.

கல்லைப் பார்க்க வந்த துரைசானி வட்டத்தின்மேல் வெகுநேரம் விரலை ஓட்டினார். அது எழுத்தல்ல, கறை என்று புரிந்துகொண்ட அப்பா, வேறு கல் கொத்தித் தருவதாகச் சொல்லிக் கும்பிட்டார்.

"தொரையோட தாள். தொரை கோப்பை வச்ச இடம்," என்றார் துரைசானி, தெரிந்த கொஞ்சத் தமிழில். "இருக்கட்டும்."