தவழாத பிள்ளையின் வாப்பா

எத்தாளை ஊரில் பிறக்கும் பிள்ளை, நாற்பதாம் நாள் முடி இறக்கும்போதே நிமிர்ந்து உட்கார்ந்து, கத்திக்குத் தலையைத் தானே திருப்பிக் கொடுக்கும். சரி, இதில் முக்கால்வாசி கூட்டிச் சொன்னது. மிச்சம் உண்மை: முற்றத்து மணலில் சின்னக் குழி பறித்து, பழைய சாரத்தைச் சுருட்டி இடுப்புக்கு அணை கொடுத்துப் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். அதுவும் ஊர்ப் பெரிய மனிதர் மாதிரி இருந்துகொண்டு தெருவைப் பார்க்கும்.

படகு எஞ்சின் திருத்தும் நளீருக்கும் றஹ்மாவுக்கும் பிறந்த ஸுஹைபும் அப்படித்தான் வெள்ளெனவே முந்திக்கொண்டு உட்கார்ந்தான். இத்தாலியில் இருக்கும் றஹ்மாவின் தங்கை நிஸ்ரின், அதே வயது மகனோடு வீடியோவில் வந்தபோது நளீருக்குத் தலைகால் தெரியவில்லை.

"ஒங்கட மகன் இன்னும் சாஞ்சி விழுறான். எங்கட ஆள் ராசா மாதிரி இரிக்கிறார்!"

சில மாதங்களில் காற்று மாறியது. விரிப்பில் குப்புறப் போட்டு வளர்த்த இத்தாலிப் பிள்ளை வீடு முழுக்கத் தவழ்ந்து திரிந்தது. ஸுஹைப் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"மச்சான், கால்ல ஏதும் கோளாறா? டொக்டருக்குக் காட்டிப் பாருங்களே" என்றாள் நிஸ்ரின்.

அன்று நளீருக்கு எந்த எஞ்சினிலும் கை ஓடவில்லை. மறுநாளே மகனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார். மிட்வைஃப் மிஸ் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, "கால் நல்லாத்தான் இருக்கு. கீழ விடுங்க" என்றார்.

கீழே விடுவதுதானே சங்கடம்! பிள்ளை நிலத்தில் ஊர்ந்தால், தூக்க ஆளில்லாத வீடு என்று ஊர் கதைக்கும். இருந்தும் நளீர் விறாந்தையில் பாய் விரித்து மகனைக் குப்புற இறக்கினார். அவன் ஒரு முனகல் முனகுவதற்குள் பக்கத்து வீட்டு ஸுஹைரா ராத்தா வந்து தூக்கிவிட்டார்.

"பச்சப் புள்ளய நெலத்தில போட்டுட்டு வேடிக்க பாக்கிறீங்களே தம்பி! இந்த வீட்டுல ஒரு மடி இல்லையா?"

நளீர் வாசல் படலையைக் கம்பியால் கட்டினார். ராத்தா வேலி இடுக்கால் வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோவில் நிஸ்ரின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸுஹைப் கதிரையைப் பிடித்து எழுந்தான். தவழ்தல் என்ற பாடத்தையே படிக்காமல், தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்தான். நளீருக்குக் கண் கலங்கியது.

"பாத்தீங்களா நிஸ்ரின்? கால்ல கோளாறாம்! வாப்பாவத் தேடி எப்படி வாறான் பாருங்க!"

"ஒங்களத் தேடியில்ல" என்றாள் றஹ்மா. "கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க. ஸுஹைரா ராத்தா கைய நீட்டிட்டு நிக்கிறா. தூக்கச் சொல்லித்தான் ஒங்கட ராசா போறார்."